சக்கரத்துக்கு வைத்த கல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காவலூரில் பெரிய தொலைநோக்கிகள் இருக்கிற வளாகத்தில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், கரண்ட் போனால் ஒயரைத்தான் பார்ப்பேன், வேறு எதையும் நினைக்க மாட்டேன். இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள், பரவாயில்லை.

என்னோடு வேலை பார்த்தவன் அந்தோணி. தொலைநோக்கிக் கூண்டின் கூரையைத் திறந்து மூடுவது அவன் வேலை. ஊரெல்லாம் பௌர்ணமியைக் கொண்டாடும், எங்களுக்கோ அது தொல்லை, வானம் வெளுத்துப்போய் மங்கலான நட்சத்திரம் ஒன்றும் தெரியாது, நிலாவைத் திட்டிக்கொண்டே டீ குடிப்போம். அந்தோணிக்கு மட்டும் அதன்மேல் பிரியம். அதிலும் நமக்குத் தெரியாத அந்தப் பின்பக்கத்தின் மேல். "எல்லாருக்கும் காட்ற மூஞ்சிய பாத்து இன்னா பண்றது, முதுகுல இன்னா இருக்குதுன்னு பாக்கணும்டா" என்பான்.

அவனுக்கு இன்னொரு கிறுக்கு. மலைச்சரிவில் வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்துக்குக் கல் வைப்போம், எல்லோரும் செய்வதுதான். இவன் சமதரையிலும் வைப்பான். ஒரு தட்டைக் கல், கிளம்பும்போது எடுக்க மறக்கக் கூடாது என்று அதன்மேல் கட்டைவிரல் அளவு ஒரு சின்னக் கல். என் வண்டிக்கும் அவனே வைப்பான். "இன்னாடா, வண்டி தானா ஆலங்காயம் வரைக்கும் ஓடிடுமா" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான், ஆனால் வைப்பான்.

ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு உடம்பு கெட்டது. அந்தச் சமயம்தான் நிலாவின் பின்பக்கத்தில் ஆளில்லாத எந்திரம் ஒன்று இறங்கப் போவதாகச் செய்தி வந்தது. போன் செய்தான்.

"மணி, வூட்டுக்கு வாடா, சேந்து பாக்கலாம். அங்கருந்து பூமிக்கு நேரா பேச முடியாதாம், நடுவுல இன்னொரு எந்திரம் நின்னு சேதிய வாங்கித் தரணுமாம்."

"கண்டிப்பா வர்றேன்டா" என்றேன். போகவில்லை. ஒடுகத்தூரில் எங்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குகிற நேரம், நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். எந்திரம் இறங்கிய மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். என்மேல் கோபத்தோடு போனானா என்பதுதான் என்னை அரித்தது, யாரிடம் போய்க் கேட்பது.

சில மாதம் கழித்து பென்ஷன் விஷயமாகக் காவலூர் போனேன். நல்ல வெயில், மதியம் மூன்று மணி. வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஆபீசில் பழைய சிநேகிதர் ஒருவர் அந்தப் பின்பக்கத்துப் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். சாம்பல் நிற மண், ஒரு குழி, குழி ஓரத்தில் சின்னதாகச் சக்கரம் வைத்த எந்திர வண்டி. என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "கல்லு வெக்காம வுட்டுட்டாங்க பாருடா அந்தோணி." சிரிக்கப் போய்க் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தேன். என் வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு தட்டைக் கல் இருந்தது. அதன்மேல் கட்டைவிரல் அளவு சின்னக் கல்.

கேட்டில் இருந்த காவலாளியைக் கேட்டேன். "யாரும் வரலிங்களே, நான் இங்கியேதான் குந்தினு இருக்கேன்" என்றார். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

யாராவது விளையாட்டுக்கு வைத்திருக்கலாம், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அங்கே மண் சிவப்பு. சின்னக் கல்லில் ஒட்டியிருந்தது சாம்பல் நிறப் பொடி, மோந்தால் வெடித்த பட்டாசு வாசனை. நிலாவில் நடந்துவிட்டு வந்தவர்கள் அந்த மண்ணுக்கு அதே வாசனை என்று சொன்னதை அப்புறம்தான் படித்தேன். கல் என் பீரோவில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் வாசனை வருகிறது.

அன்றிலிருந்து எந்தச் சரிவில் நிறுத்தினாலும் என் வண்டிக்கு நான் கல் வைப்பதில்லை. வேண்டுமென்றேதான்.