இரண்டாவது பற்றரி

அக்காவின் வீட்டில் சுவாமிப் படங்களுக்குக் கீழே உள்ள தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், இரண்டு பற்றரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. கறுப்பு நிறம், விளிம்புகளில் கீறல்கள். முதல்முறை வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். மரம் அரிகிற மெசினின் பற்றரி என்று சொன்னால், அதை ஏன் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அக்கா தேத்தண்ணி போடப் போய்விடுவாள். பேச்சை மாற்றுகிற வேலை எனக்கு. மெசின் அந்த அறையில் இல்லை. அது வீட்டின் பின்கோடியில், உரச்சாக்குக்குள், ஆணியில் தொங்குகிறது. மெசினும் பற்றரியும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்ட அத்தான் இறந்து ஒரு வருசத்துக்கு மேலாகிறது. சட்டத்தை யாரும் மாற்றவில்லை.

அத்தான் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து அக்காவின் வீட்டுக்கு வந்தார். குருக்கள்மடத்துக்குக் கிட்ட எங்கள் வளவு. அக்காவின் வீடும் என்னுடையதும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு வேலி, வேலியில் நாங்களே பிரித்துவைத்த ஒரு இடைவெளி. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டையில் அவருக்குக் கொஞ்சம் காணி இருந்தது. விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மரம் அரிகிற வேலைக்குப் போவார். அப்போது அவரிடம் இருந்தது பெற்றோல் மெசின். அதைக் கயிறு இழுத்து முடுக்கினால் ஊரே கேட்கும். அவர் படுவான்கரையில் நின்று மரம் வெட்டினால், மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில், அந்தச் சத்தம் தண்ணீருக்கு மேலால் எங்கள் குசினி வரைக்கும் வரும்.

எனக்கு அது தலையிடி. அக்காவுக்கு அது புருசன் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி. நீட்டி இழுத்தால் அடிமரம், விட்டு விட்டுக் கேட்டால் கொப்பு என்று மீன் வெட்டிக்கொண்டே சொல்லுவாள். சத்தம் நின்றால் கையைக் கழுவாமல் அப்படியே இருந்து காது கொடுப்பாள். திரும்பத் தொடங்கிய பிறகுதான் அடுத்த மீனை எடுப்பாள். நான் சிரித்திருக்கிறேன். "உனக்குப் புருசன் வேணுமா, எஞ்சின் வேணுமா?" என்று கேட்டிருக்கிறேன். "ரெண்டும் சத்தம் போட்டாத்தான் எனக்கு நிம்மதி கா" என்பாள்.

அந்த மெசின் அத்தானின் கைகளைத் தின்றுகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தால் சோற்றுக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் விரல்கள் நடுங்கும். வெளிநாட்டில் இருந்த அவருடைய தம்பி இதைக் கேள்விப்பட்டு, கப்பலில் அனுப்பிய பெட்டிக்குள் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு பற்றரி மெசினை வைத்து அனுப்பினார். கயிறு இல்லை, புகை இல்லை. பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு மற்ற விரலால் விசையை இழுத்தால் சங்கிலி ஓடும், விட்டால் நின்றுவிடும். நின்ற பிறகு ஒரு முனகல்கூட இல்லை. ஊர் அதற்கு ஊமை மெசின் என்று பேர் வைத்தது.

எல்லாரும் மெச்சினார்கள், அக்காவைத் தவிர. "சத்தம் கேக்காட்டி இவர் என்ன செய்யிறாரெண்டு நான் எப்படி அறியிற?" என்பதுதான் அவளுடைய கேள்வி. அதனால் அவளே அவரோடு வேலைக்குப் போகத் தொடங்கினாள். கொப்பு இழுப்பதற்கு என்று சொல்லிக்கொண்டாள். அவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கப் போனாள் என்பது எனக்குத் தெரியும்.

அத்தானுக்கும் அந்த ஊமையில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. பெற்றோல் மெசின் சும்மா இருக்கும்போதும் உறுமும், அதனால் யாரும் கிட்டப் போகமாட்டார்கள், இது தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று தெரியாது என்பார். அதனால் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு முறை உண்டானது. வேலை தொடங்க முன்னர் பற்றரி அக்காவின் கையில் இருக்கும். அத்தான் தடித்த காற்சட்டை, சப்பாத்து, முகத்துக்கு வலை வைத்த தொப்பி எல்லாம் போட்டு, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பார்த்து, எண்ணெய் விட்டு, பிறகுதான் கையை நீட்டுவார். அக்கா உடனே கொடுக்கமாட்டாள். அவரைக் காலில் இருந்து தலை வரை பார்ப்பாள். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க கா, இன்னும் தள்ளி" என்று விரட்டுவாள். அதன் பிறகுதான் பற்றரி கைமாறும், மெசினுக்குள் ஒரு 'டிக்'. வேலையை நிறுத்தினால், முதலில் முன்னால் உள்ள தடுப்பைத் தள்ளிச் சங்கிலியைப் பூட்டுவார். அடுத்தது பற்றரியைக் கழற்றி அவள் கையில் வைப்பார். தண்ணீர் குடிப்பதானாலும் அப்படித்தான்.

"இது உன்ர கையில இரிக்கும் மட்டும் மெசின் வெறும் இரும்பு, புள்ள" என்பார். இந்த ஒரு வசனத்தை எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் எனக்கு அப்படி எந்த அதிகாரமும் தரப்படவில்லை.

அந்த முறையில் ஒரு குறையும் இருக்கவில்லை, ஒரு பற்றரி இருந்த வரைக்கும். பற்றரி இறங்கினால் யாருடைய வீட்டிலாவது கொடுத்துக் கரண்டில் ஏற்றவேண்டும், அதுவரை நிழலில் குந்தியிருக்கவேண்டும். அடுத்த பெட்டியில் தம்பி இரண்டாவது பற்றரியை அனுப்பினார். இனிக் காத்திருக்கத் தேவையில்லை என்று அத்தான் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். அக்கா அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். நாங்கள் எல்லாரும் அதைக் கையில் தூக்கிப் பார்த்தோம். அது அந்த வீட்டுக்குள் எதைக் கொண்டுவந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்கழி மழையோடு காற்று அடித்து, எங்கள் ஊர் அம்மன் கோயிலடி வேம்பு வேரோடு சாய்ந்து பாதையை அடைத்தது. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் வந்து அத்தானைக் கூப்பிட்டார். பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்தது, நானும் போனேன். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் தொட்டில் கட்டுகிற மரம் அது. கொப்பெல்லாம் சின்னச் சின்னச் சீலைத் துண்டுகள், மழையில் நனைந்து வெளிறித் தொங்கின. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, அம்மனிடம் கேட்ட பிறகுதான் அத்தான் மெசினின் வாளைக் கொப்பில் வைத்தார். வாளின் நுனி எதிலும் முட்டாமல், உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொரு கொப்பாக எடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நடுவில் பற்றரி இறங்கியது. பையில் இருந்த மற்றதை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, இறங்கியதை அக்காவின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொப்பு இழுத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் அரிந்தார். அப்போது வண்ணக்கர் கையைத் தூக்கினார். அடிக்கொப்பில் நிறையத் தொட்டில் கிடக்கிறது, எல்லாவற்றையும் கழற்றிக் கோயிலில் வைக்கவேண்டும், இன்னொரு தரம் கற்பூரம் காட்டவேண்டும் என்றார். அத்தான் மெசினைத் தரையில் வைத்தார். சாமி காரியம் என்பதால் தொப்பியைக் கழற்றினார், சப்பாத்தைக் கழற்றினார், வெறுங்காலோடு நடந்துபோய்க் கும்பிட்டு நின்றார். தடுப்பையும் தள்ளவில்லை, பற்றரியையும் கழற்றவில்லை. அம்மனுக்கு முன்னால் எதைக் கழற்றவேண்டுமோ அதை மட்டும் கழற்றினார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். புருசன் வெறுங்காலோடு நிற்கிறார். தொப்பி இல்லை. மெசின் மூச்சுவிடாமல் கிடக்கிறது. பற்றரி தன் கக்கத்தில் இருக்கிறது. சங்கிலியில் ஒரு தொட்டில் சீலை சுற்றிச் சிக்கியிருந்தது. யாரோ ஒருத்தியின் நேர்த்திக்கடன் எண்ணெய்க்குள் கிடக்கிறதே என்று அவள் மனம் பொறுக்கவில்லை. தினமும் வீட்டில் துடைக்க எடுப்பது போலவே வலக்கையால் பிடியைப் பிடித்துத் தூக்கினாள், இடக்கையால் சீலையை இழுத்தாள். அவளுடைய பெருவிரலும் மற்ற விரலும் தன்பாட்டில் போய்ப் பொத்தானிலும் விசையிலும் இருந்தன.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சீலை கிழிகிற மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அக்கா தரையில் இருந்துவிட்டாள். அத்தான்தான் கத்தினார். நான் என் சீலைத் தலைப்பால் அவளுடைய கையைச் சுற்றினேன், சுற்றச் சுற்ற அது நனைந்துகொண்டே இருந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க, ஓட்டோவுக்குள், அவள் ஒரு பக்கம் சரிந்தே இருந்தாள். காத்தான்குடி தாண்டிய பிறகுதான் கவனித்தேன். அந்த வெறும் பற்றரி இன்னும் அவளுடைய கக்கத்துக்குள் இருந்தது. விடச் சொன்னேன். "அவர் தந்தது, கீழ வைக்கப்படா" என்றாள்.

விரல்களைத் தைத்தார்கள். இடக்கையில் நடுவிரலும் அதற்கு அடுத்த இரண்டும் இன்றுவரை மடங்குவதில்லை. பானையைப் பிடித்துச் சோறு வடிக்க ஏலாது. தேங்காய்ப் பாதியை உள்ளங்கைக்குள் வைத்துத் துருவ ஏலாது. தலைமுடியை முடிய என்னைக் கூப்பிடுவாள்.

ஊர் தன் தீர்ப்பைச் சொன்னது. அம்மனின் மரத்தைத் தொட்டதால் வந்த வினையாம். வண்ணக்கர் பூசை ஒன்று செய்யலாம் என்றபோது அக்காவுக்கு வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். "அம்மாளுக்கு என்ர கையோட என்ன கோவம்? அவட மரத்தில கிடந்த சீலையத்தானே எடுத்தன்?" என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மற்றது பிடிக்கவில்லை. அத்தான், "நான்தான் கழட்டயில்ல" என்பார். அக்கா, "நான்தான் பாக்கயில்ல" என்பாள். ஒருவர் மற்றவரைக் குற்றம் சொன்னால் இடையில் புகுந்து சமாதானம் செய்யலாம். இரண்டு பேரும் குற்றத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தால் நான் என்ன செய்ய? எனக்கு இரண்டு பேரிலும் ஆத்திரம் வந்தது. அதைவிட அந்த முறையில் ஆத்திரம் வந்தது. அதைக் கவனமில்லாத ஆட்கள் உண்டாக்கவில்லை. இவ்வளவு கவனமாக இருந்த இரண்டு பேருக்கு, அந்தக் கவனமே வந்து கையை அறுத்துவிட்டுப் போனதே.

மாதக்கணக்காக அத்தான் மெசினைத் தொடவில்லை. பிறகு வேலைக்குப் போனார், போகாமல் தீராது. அக்காவும் போனாள், அவள் போகாமல் அவர் போகமாட்டார். இப்போது இரண்டு பற்றரியும் அவளிடம். ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றதை வாங்கலாம். நிறுத்தும்போது இரண்டும் அவள் மடியில் இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அத்தானுக்கு அது தீரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், "ரெண்டும் எங்க, புள்ள?" என்று கேட்பார். "என்ர கையில" என்று அவள் சொல்லவேண்டும். வேலைக்கே போகாத நாளிலும் கேட்பார். சில நாள் அக்காவுக்கு எரிச்சல் வரும். "ஓம், ஓம், என்ர கையிலதான்" என்று குசினிக்குள் இருந்து அவள் கத்துவது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

நோயில் விழுந்து பேச்சுக் குழறிய பிறகும் அந்தக் கேள்வி மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. அவள் இரண்டையும் கொண்டுவந்து கட்டிலடியில் நின்று காட்டுவாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அத்தான் பற்றரிகளைப் பார்க்கவே மாட்டார். அவற்றைத் தாங்கியிருந்த மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன கிழமை அடித்த காற்றில் முருங்கை ஒன்று முறிந்து அக்காவின் குசினி ஓட்டில் சரிந்தது. மழை உள்ளே இறங்கியது. என் வீட்டுக்காரர் போய், "மச்சாள், மெசினத் தாங்க, நான் வெட்டி விடுறன்" என்று கேட்டார். கொடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அக்கா அத்தானின் காற்சட்டையையும் சப்பாத்தையும் தொப்பியையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் போட்டு முடித்ததும் காலில் இருந்து தலை வரை பார்த்தாள். என்னைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு கா" என்றாள். பிறகுதான் தட்டில் இருந்து ஒரு பற்றரியை எடுத்துக் கொடுத்தாள். அவை முழுக்கச் சாக விடக்கூடாது என்று அத்தான் சொல்லியிருந்ததால் இத்தனை நாளும் மாறி மாறி ஏற்றி வைத்திருந்தாள். அவர் அரிந்து முடிக்கும்வரை மற்றதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இமைக்காமல் நின்றாள்.

முடிந்ததும் அவர் தடுப்பைத் தள்ளி, பற்றரியைக் கழற்றி, அவள் நீட்டிய இடக்கையில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. மற்றப் பற்றரியை அதன் மேல் வைத்து, வலக்கையால் இரண்டையும் மூடிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. வெட்டிய முருங்கைக் கொப்புகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, கொஞ்சம் எரிச்சலோடு:

"ஓம், ஓம். ரெண்டும் என்ர கையிலதான்."