வெள்ளியிலிருந்து சனிக்கு நகர்ந்த நட்சத்திரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டராக இருந்தேன். ஒரு நாள் அவசரத்தில் முகமூடியை இறக்காமலே பற்றவைத்துவிட்டேன். அன்று ராத்திரி கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு மாதம் நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்றார். எரிச்சல் மூன்றே நாளில் போயிற்று. பார்வை போய்விடுமோ என்ற பயம்தான் போகவில்லை.

கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியிடம் பயத்தைச் சொல்லவில்லை. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அப்போது விளக்குக் கம்பம் கிடையாது. சாப்பிட்டதும் வெளியே கயிற்றுக் கட்டிலில் படுப்பேன். உச்சியில் திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்கள். அதற்கு நாலு விரல் தெற்கே மங்கலாக ஒன்று. அது தெரிகிறவரை கண்ணுக்கு ஆபத்தில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்கும் அதைக் காட்டினேன்.

அடுத்த நாட்களில் அது மங்கிக்கொண்டே வந்தது. புதன்கிழமை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தாள். சொன்னேன். தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கும் மங்கலாத்தான் கீது. மத்ததெல்லாம் அப்டியே கீதே. உங்க கண்ணு இல்லீங்க, அதுதான் மங்குது."

மறுநாளிலிருந்து காலண்டரில் கண்மையால் புள்ளி வைத்தாள். நன்றாகத் தெரிந்தால் பெரிசு, மங்கினால் சின்னது. வெள்ளிக்கிழமைதோறும் பெரிய புள்ளி விழுந்தது. ஆறாவது வாரம் அது சனிக்கிழமைக்குப் போய்விட்டது.

அதற்குள் நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். கூட ரயிலில் வரும் கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் அந்தக் காலண்டரைக் காட்டி, நட்சத்திரம் இருக்கும் இடத்தையும் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். "யாருங்க இத குறிச்சது?"

"என் ஊட்டுக்காரி."

நாலு நாள் கழித்து ஒரு புத்தகம் கொண்டுவந்து ரயிலிலேயே படித்துச் சொன்னார். அது மஞ்சள் நிறப் பெரும் நட்சத்திரம். சூரியனைப்போல் ஐம்பது அறுபது மடங்கு அகலம், ஆயிரக்கணக்கான மடங்கு வெளிச்சம். அந்த உடம்பு முழுவதுமே விரிந்து சுருங்குகிறது, கூடவே அதன் சூடும் ஏறி இறங்குகிறது. மளமளவென்று பிரகாசமாகி, மெதுவாக மங்கும். ஒரு சுற்றுக்கு ஏழு நாளும் நாலு மணி நேரமும். அந்த வெளிச்சம் இங்கே வந்துசேர ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது.

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"வாரத்துக்கு நாலு மணி நேரம் பின்னால போவுது. ஆறு வாரத்துல ஒரு நாளு. அதாங்க சனிக்கெழமைக்கு நவுந்துச்சு!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சூரியனையே விழுங்கக்கூடிய ஒன்று அங்கே உப்பி அடங்குவதை, பள்ளிக்கூடம் தாண்டாத இவள் வெறும் கண்ணால் பிடித்திருக்கிறாள்.

அன்றும் சனிக்கிழமைதான். இரண்டு பேரும் அண்ணாந்து கிடந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போகவில்லை.