பன்னிரண்டு நாள் என் கடையில் இருந்த நடிகை

என் தையல் கடைச் சுவரில் நீலக் கோடு போட்ட ஆண் சட்டை ஒன்று வருஷக்கணக்காகத் தொங்கியது. மதுரை பழங்காநத்தத்தில் நான் பெண்களுக்கு மட்டும்தான் தைக்கிறேன். அந்தச் சட்டை தைக்க வந்ததல்ல. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று வருகிறவர்களுக்குச் சொல்லாமல் சொல்வதற்காக நானே வாங்கி மாட்டியது. உண்மையில் அவர் பக்கத்திலேயே, திருமங்கலத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டுமே அது தெரியும் என்று நினைத்திருந்தேன். என் பிழைப்பே கல்யாண ரவிக்கைகளில்தான். புருஷன் விட்டுப்போனவள் கையில் மணப்பெண்ணின் துணியைக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அப்படி இருக்கையில்தான் அந்த நடிகை வந்தார். மதுரையில் எடுக்கும் படமொன்றில் அவருக்குத் தையல்காரி வேடம். பதினெட்டு வயதில் கதாநாயகர்களோடு ஆட வந்தவர், முப்பதைத் தாண்டியதும் அதை விட்டுவிட்டு, கனமான வேடங்களாகத் தேடி நடித்து விருதுகள் வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வேடத்துக்கும் முன்னால் அந்தத் தொழில் செய்கிறவரோடு சில நாள் இருப்பாராம். கூட வந்த உதவி இயக்குநர் இன்னொன்றையும் பெருமையாகச் சொன்னார். மீன்காரியாக அவர் நடித்த படத்தில், நிஜ மீன்காரம்மாவின் வீட்டுச் சண்டை அப்படியே வந்ததாம். அன்றே நான் உஷாராகிவிட்டேன்.

மெஷினில் நூல் கோர்க்கவும் பாபின் மாற்றவும் சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஆனால் துணியைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். நான் நூலைப் பல்லால் கடிப்பதைப் பார்த்தார். போன் அடித்தால் என் முகத்தைப் பார்த்தார். ஒன்பதாம் நாள் மத்தியானம், பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, அந்தச் சட்டையை யாரும் போட்டதே இல்ல போல. காலர்ல ஒரு அழுக்குக்கோடுகூட இல்ல. அண்ணன் கடைசியா எப்ப வந்தாரு?"

"பொங்கலுக்கு வந்தாரு. அடுத்த வருசம் மொத்தமா வந்துருவாரு" என்றேன், துணியை வெட்டிக்கொண்டே.

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் பேச்சுக் கொடுத்திருப்பாரோ, திருமங்கலத்துக்கே ஆள் அனுப்பி விசாரித்திருப்பாரோ என்று மனம் எங்கெங்கோ போனது. மீதி மூன்று நாளும் தையலைத் தவிர எதையும் நான் பேசவில்லை.

திருப்பரங்குன்றத்தில் படப்பிடிப்பு தொடங்கியதும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். தையல் கடை போலவே செட் போட்டிருந்தார்கள். சுவரில் ஒரு கோடு போட்ட சட்டை. நேரே அவரிடம் போய், "என் பொழப்புல மண்ணப் போட்டுறாதீங்க" என்றேன்.

"நான்தான் டைரக்டர்கிட்ட சொன்னேன். கண்ணுல பட்டத சும்மா விட முடியலக்கா. தப்புதான், எடுக்கச் சொல்லிடறேன்" என்றார். என் கண் முன்னாலேயே சட்டையைக் கழற்றினார்கள். அப்போதும் நான் நம்பவில்லை. நடிப்புக்கே விருது வாங்கியவரின் முகத்தைப் பார்த்து எதை நம்புவது?

படம் வெளியானதும் பக்கத்து மளிகைக் கடை அக்காவைக் கூட்டிக்கொண்டு முதல் வாரமே போனேன். பிறர் வாயால் கேட்பதற்குள் நானே பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. இடைவேளை வரை சட்டை வரவில்லை. மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு ஒரு காட்சி. துணி கொடுக்க வந்தவள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கிறாள். நடிகை துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த வருசம் மொத்தமா வந்துருவாரு" என்கிறார். என் சொல், என் குரல். கத்தரி ஒரு கணம் நின்று நகர்வதுகூட என்னுடையது. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்துக்குத்தான் அவருக்குப் பெரிய விருது கிடைத்தது. இன்றும் டிவியில் அவரைப் பற்றிச் சொன்னால் அந்தக் காட்சியைத்தான் போடுகிறார்கள்.

அன்று ஏனோ கோபம் வரவில்லை. படத்தில் வரும் தையல்காரி பொய் சொல்கிறாள் என்பது தியேட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. அவ்வளவு நன்றாக நடித்திருந்தார். அப்படியானால், நான் அதைச் சொன்னபோதெல்லாம்?

பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எம்புட்டு நாளா தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீ கடை போட்ட வருசமே தெரியும். தெரிஞ்சுதான் எம் மக முகூர்த்த ரவிக்கைய ஒங்கிட்ட குடுத்தேன்" என்றார். "பேசாம படத்தப் பாரு."