குடும்பப் பெயர் என்றொரு ஃபீல்ட்

பள்ளிக்கூடத்தில் தொடங்கிய தலையிடி இது. "உனக்கும் அப்பாவுக்கும் ஏன் வேறு குடும்பப் பெயர்?" என்று கேட்காத ஆசிரியை இத்தாலியின் பலெர்மோ நகரில் இல்லை. எங்கள் தமிழ் ஆட்களிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் வரும். இத்தாலியக் கடதாசியில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். அப்பாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். சொல்லிச் சொல்லி வாய் உளைந்து, ஒரு வயதுக்குப் பிறகு சொல்வதையே விட்டுவிட்டேன்.

பிறகு அதே நகரின் கபோச் சந்தைப் பகுதியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைகளுக்கு ஜாவா மொழியில் புரோகிராம் செய்தோம். கடைக்கு ஒரு படிவம் என்பதால் கிளாஸ்களை, அதாவது படிவங்களின் அச்சுகளை, முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. காலையில் புரோகிராம் தொடங்கும்போது அந்தந்தக் கடையின் பட்டியலை வாசித்து, நிரப்பும் கட்டமான ஃபீல்ட் எது, என்ன வகை, என்ன சோதனை என்று பார்த்து அதுவே கிளாஸைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பகுதி என் கைவேலை. ஒன்றுதான் கரைச்சல்: ஏற்றிய கிளாஸில் பிறகு ஒரு ஃபீல்ட்கூடச் சேர்க்க முடியாது. எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். கடை நேரத்தில் நிறுத்தவே கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

"பிள்ளைக்கும் தகப்பனுக்கும் ஒரே குடும்பப் பெயரா என்று ஒரு சோதனை போடு" என்றார் அவர். பிழையென்று எனக்குத் தெரியும். ஆனால் என் ஒப்பந்தம் ஆறே மாதம். அது போனால் பெர்மெசோவும், அதாவது இங்கே தங்கும் அனுமதியும், போய்விடும். வாயை மூடிக்கொண்டு போட்டேன். வெட்கங்கெட்ட வேலை.

அடுத்த மாதம் ஒருநாள் முற்பகல் அப்பா போன் எடுத்தார். தான் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோரா அம்மாவிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கி, தங்கச்சியின் பெர்மெசோவைப் புதுப்பிக்கப் படிவக் கடை ஒன்றுக்குப் போயிருந்தார். அன்றுதான் கடைசி நாள்.

"பிள்ளை, தங்கச்சி என்ர மகள் இல்லையாம். கம்பியூட்டர் சொல்லுதாம். இது உங்கட புரோகிராம்தானே? ஆரோ விசரன் எழுதிவிட்டிருக்கிறான். அவனோடை கதை. ஒரு மணிக்குக் கடை பூட்டிப்போடுவினம்."

"அப்பா, அது நான்தான் எழுதினது."

"நீயோ? உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

அவர் போனை வைத்துவிட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

பட்டியலில் தகப்பனின் சொந்தப் பெயருக்கு ஒரு ஃபீல்ட் சேர்த்தேன். பிள்ளையின் குடும்பப் பெயர் அதோடு பொருந்தினாலும் சரியென்று சோதனையை மாற்றினேன். பிறகு புரோகிராமை நிறுத்தினேன். எல்லாக் கடைகளிலும் திரை வெறுமையானது. மேசைத் தொலைபேசிகள் மாறிமாறி அலறின. முதலாளி கதவை அடித்துத் திறந்துகொண்டு வந்தார்.

"யார் நிறுத்தியது?"

எழுந்து நின்றேன்.

"நான். என் அப்பா கடையில் நிற்கிறார். இந்தப் புரோகிராமின்படி அவருக்குப் பிள்ளைகளே இல்லை. அப்படி எழுதியதும் நான்தான்."