தலையில் அடித்த சத்தியம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். தாழிக்குள்ளிருந்து எழுந்து வந்து தன் அரண்மனைக்கு வழி கேட்கும் ராஜகுமாரனைப் பற்றி நான் எழுதிய சரித்திர நாவலைப் படித்தவர்கள், இது உனக்கு எங்கே கிடைத்தது என்கிறார்கள். பொம்மை செய்ய வந்த களிமண்ணில் கிடைத்தது.

இரண்டாயிரமாவது வருடம். எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் மண் கலக்குகிறவர். மண்ணை நாக்கில் வைத்தே குணம் சொல்லிவிடுவார். அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் அங்கேயே அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். மாமாவுக்கு ஒரே பையன், என் வயது. அதற்கு இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் இறந்துபோனான். சின்னப் பிள்ளை என்பதால் எரிக்காமல் ஓடைக்கரையில் புதைத்தார்கள். மேலே அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

பரீட்சை லீவில் நான் மண்ணில் கல்லும் வேரும் பொறுக்கப் போவேன்.

"மருமவனே, பாத்து பொறுக்கு. கல்லு ஒண்ணு உள்ள போச்சுன்னா பிள்ளையாருக்கு தும்பிக்கை இருக்காது. அப்புறம் எலிய மட்டும்தான் விக்கணும்" என்பார் மாமா.

ஒருநாள் வந்த லோடில் ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே ஒரு கீழ்த்தாடை, சின்னது. பற்கள் அப்படியே இருந்தன. ஒரு பல்லுக்கு அடியில் புதுப்பல் முட்டிக்கொண்டு நின்றது. என் வாயில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைத் தேடி நாக்கு தானாகப் போனது. மாமாவைக் கை காட்டிக் கூப்பிட்டேன்.

மாமா வந்து பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். லாரி டிரைவரிடம், "எங்கேர்ந்துய்யா வந்துது இது?" என்றார்.

"ஓடைக்கரைதாண்ணே. பழைய குழியில தண்ணி நின்னுடுச்சு, அதான் அங்க வெட்டுனோம்."

மாமா அதைத் தோள் துண்டில் சுருட்டினார். முதலாளியிடம் போய், "இந்த மண்ணுல சுண்ணாம்பு இருக்குதுங்க, சூளையில பொரிஞ்சி போவும்" என்றார். அவர் நாக்குக்கு முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். லோடு திரும்பியது. மாமாவும் அதே லாரியில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை என் கையில் ஒரு கனத்த ஓட்டுத்துண்டைக் கொடுத்தார்.

"அவன் ராஜா வூட்டுப் பையன்டா. அந்தக் காலத்துல பெரிய தாழியில வச்சி பொதைச்சிருக்காங்க. இது தாழி ஓடு. நான் திரும்ப அங்கயே வச்சி மூடிட்டேன். அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் கூச்சக்காரன்தான். ஆனாலும் இவ்வளவு பெரிய செய்தியை மதியச் சோறு வரைக்கும்தான் அடக்க முடிந்தது. அத்தையிடம் ஓட்டைக் காட்டிப் பெருமையாகச் சொன்னேன்.

"எந்த மண்ணுலடா?" என்றார் அத்தை.

"ஓடைக்கரை மண்ணுல."

அத்தையின் கையிலிருந்த பொம்மை கழுத்தோடு முறிந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினார். மாமா குறுக்கே வந்து பிடித்துக்கொண்டார்.

"வுடுய்யா, நான் போய் பாக்கணும்."

"அது ராஜா காலத்துதுடி. ஓட்டப் பாத்தியா இல்லியா?"

"நம்ம புள்ள இல்லன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியமா இல்ல."

"அப்புடி இல்ல. இவன் தலையில அடிச்சி பண்ணு."

கத்திகள் எல்லாம் நின்றன. பிள்ளை தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளை தங்காது என்பார்கள். விளையாட்டுக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள். அம்மா எழுந்து, "தம்பி, வேணாம்டா" என்றார். மாமா என்னையே பார்த்தார். பிறகு மண் காயாத கையை என் உச்சந்தலையில் வைத்து அடித்தார்.

"சத்தியமா நம்ம புள்ள இல்ல."

அத்தை சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு அடுத்த பொம்மையை எடுத்தார். கம்பெனியில் அத்தனை பேர் இருக்க, சத்தியத்துக்கு என் தலையைத் தேர்ந்தெடுத்தார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஓடு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நாவல் வெளிவந்த பிறகு, தாழி எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். அவருக்குக் காட்ட வெளியே எடுத்தேன். இருபது வருடத்துக்கு மேல் மண்ணில் வேலை செய்த கை என்னுடையது, பார்த்ததும் தெரிந்துவிட்டது. விளிம்பில் மூன்று வரிசை நகக்கோடு. மாட்டுக்குக் கழுநீர் வைக்க எங்கள் கடைத்தெருவில் விற்கும் பானையின் ஓடு அது. ஓட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

சத்தியம் செய்த நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. மாமா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. என் பாய் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீ ராஜா வூட்டுப் பையன். ஒனக்கு அரமணை இருக்குது, குதிர இருக்குது. அங்க ஒன்ன எல்லாரும் தேடறாங்க. இங்க ஒனக்கு யாரும் இல்ல சாமி. இவன வுட்டுட்டு போயிடு."

என் நாவலின் முதல் பாதி அந்த மூன்று நாளில் நான் கேட்டதுதான். போரும் படையும் மட்டும் நான் சேர்த்தது. காய்ச்சல் விட்ட பிறகு, மிச்சக் கதையைச் சொல்லுங்கள் என்று மாமாவைப் பலநாள் தொந்தரவு செய்தேன். அவர் சொல்லவே இல்லை. அந்தக் கதையை அவர் எனக்குத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை.