பக்கத்துக் கட்டடத்தின் பச்சைப் புள்ளிகள்

ஷாங்காய் நகரத்து வீடுகளை ஷென் பெய்யுன் வானத்திலிருந்து பார்ப்பவள். செயற்கைக்கோள் ரேடார் அலையை வீசும். சுவரிலும் ஜன்னல் விளிம்பிலும் பட்டுத் திரும்புவதை இவள் கணினியில் புள்ளிகளாக்கி, நகரத்தை நீள அகல உயரத்தோடு எழுப்புவாள். அசையாத கட்டடம் பச்சை, இறங்குகிற கட்டடம் சிவப்பு. அப்பா கென்ஃபாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. சந்தையில் கீரை பொறுக்கும்போதுகூட மகளின் செயற்கைக்கோளைப் பேச்சில் இழுத்துவிடுவார்.

அவர் குடியிருந்தது பழைய மூன்று மாடிக் கட்டடம். பின்னால் சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கியதும் வீட்டுக் கதவுகள் திறக்க வராமல் இறுகிக்கொண்டன. கீழ்வீட்டு லூ அம்மாள் பயந்துபோய், சூஜோவில் இருக்கும் மகனிடம் போகப் பெட்டி கட்டிவிட்டாள். கட்டடம் இறங்குகிறதா என்று கேட்க கென்ஃபா மகளுக்குப் போன் போட்டார்.

பெய்யுன் வேலை நெருக்கடியில் இருந்தாள். பேசிக்கொண்டே படத்தைத் திறந்தாள்.

"எல்லாம் பச்சைதான்ப்பா. ஒண்ணும் அசையல."

ரேடார் சாய்வாகப் பார்ப்பது. அதன் படத்தில் உயரமான கட்டடத்தின் மேல்மாடிகள் பக்கத்துக் குட்டி வீட்டின் மேலேயே சரிந்து கிடக்கும். உயரம் பிரித்தால்தான் எந்தப் புள்ளி யாருடையது என்று தெரியும். அந்தப் பகுதிக்கு இன்னும் பிரிக்கவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பாள். கேட்டது அப்பா, ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா. பெற்றவர் என்றால் அவ்வளவு இளப்பம் நமக்கு.

கென்ஃபா நேரே கீழே இறங்கிப் போனார். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஒரு கதவுக்குப் பயந்து ஓடுகிறாயே என்று லூ அம்மாளைக் கேலி செய்தார். அவளும் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள்.

அடுத்த வாரத்து மழையில் கட்டடத்தின் பின்பாதி பள்ளத்துக்குள் சரிந்தது. கென்ஃபா வெளியே போயிருந்தார். லூ அம்மாள் வீட்டில் இருந்தாள்.

அன்றைக்குத்தான் பெய்யுன் உயரத்தைப் பிரித்தாள். பச்சைப் புள்ளிகள் எல்லாம் மேலே எழும்பி, பக்கத்தில் நின்ற முப்பது மாடிக் கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. பழைய வீட்டுக்கு மிஞ்சியது ஒரு கைப்பிடிப் புள்ளிகள். அத்தனையும் சிவப்பு.

அப்பாவிடம் மறைக்காமல் சொன்னாள். இதை வெளியே சொல்லாதே, வேலை போய்விடும் என்றார் அவர்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் வெள்ளைச் சாமந்தி வளையங்களுக்கு நடுவே லூ அம்மாளின் மகன் நின்றிருந்தான், கையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டையோடு. இவர்களைக் கண்டதும் நேரே வந்தான்.

"நீங்கதான் போகவேணாம்னு தடுத்தீங்கன்னு அம்மா போன்ல சொன்னாங்க. எதை வச்சு பெரியவரே சொன்னீங்க?"

"எதையும் வச்சு சொல்லலப்பா," என்றார் கென்ஃபா. "வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

பக்கத்தில் நின்ற பெய்யுன் வாயைத் திறக்கவில்லை. அவன் கிழவரின் சட்டையைப் பிடித்து, எல்லோரும் பார்க்க வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். அப்போதும் அவள் திறக்கவில்லை.