பின்சீட்டுக்காக நான்கு வெள்ளிக்கிழமை

என் மகன் வண்டியில் பின்சீட்டை மடக்க ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மாமாமேல் கோபம்தான் வரும். ஒரு பின்சீட்டைப் பொருத்த அவர் நான்கு வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டார்.

அப்போது நாங்கள் பஹ்ரைனில், குதைபியாவில் குடியிருந்தோம். எனக்கு ஏழு வயது. வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. உம்மாவின் தம்பியான மாமாவுக்கு கராஜில் வேலை. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர், வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் கார் ஒன்றை உதிரி உதிரியாகப் பெட்டிகளில் விட்டுப்போனார். மாமா அதை எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மேலே கூரை கிடையாது, எஞ்சின் பின்னால். முன்சீட் இரண்டும் பெட்டியில் இருந்தன. பின்சீட் மட்டும் வரவில்லை. பழைய டாக்ஸி ஒன்றிலிருந்து ஸ்பிரிங் வைத்த நீள சீட்டைக் கழற்றிவந்து, இதையே போட்டுவிடலாம் என்றார் மாமா.

முன்னால் ஆண்கள் இருவர் உட்கார்ந்துவிட்டால், உம்மாவுக்குப் பின்சீட்தான். உம்மாவின் ராத்தா, என் பெரியும்மா, முஹர்ரக்கில் இருந்தார். பாலத்தைத் தாண்டினால் அவர் வீடு. அப்படியும் இருவரும் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், குடும்பத்தோடு ஊருக்கே ஒரேயடியாகப் போவதாக முடிவாகி, கப்பலும் குறித்தாகிவிட்டது. டாக்ஸியில் போய் வந்துவிடலாமே என்று உம்மா கேட்டதற்கு வாப்பா, "சொந்த வண்டிய முற்றத்துல வச்சிக்கிட்டு டாக்ஸியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை, சீட் வண்டியைவிட இரண்டு விரல் அகலம். மாமா அதன் ஓரத்தை அறுத்தார். இரண்டாவது வெள்ளிக்கிழமை, சீட்டைக் கவிழ்த்துப்போட்டு அளவெடுத்ததில் இடதும் வலதும் மாறி, துளைகள் எல்லாம் எங்கேயோ விழுந்தன. மூன்றாவது வெள்ளிக்கிழமை போல்ட் கட்டையாகிவிட்டது. வாஷர் மட்டும் போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அடியில் இரும்புத் தகடு வைக்கணும், அதற்கு நீள போல்ட் வேணும் என்றார் மாமா.

"அத மொத வாரமே வாங்கியிருக்கலாமுல்ல மாப்புள?" என்றார் வாப்பா.

"மொத வாரம் தகடு வைக்கணும்னு தோணல மச்சான்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உம்மா விடியலிலேயே தேங்காய்ப்பாலும் கருப்பட்டியுமாகத் தொதல் கிளறி டப்பாவில் அடைத்து, புர்காவையும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் அந்தத் தொதலை மாமாவே சாப்பிடுவார்.

நான்காவது வெள்ளிக்கிழமை சீட் நின்றது. மறுநாள் காலையில் பெரியும்மாவுக்குக் கப்பல். மாமா என்னைச் சீட்டில் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். பக்கத்தில் அரை மூட்டை அரிசியையும் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஹலாஸ், முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார். உட்காரப்போகிறவர் உம்மா, நல்ல கனமான உடம்பு. அவரை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. முற்றத்தில் கராஜ் ஆட்கள் நின்றார்கள், அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

மாமா ஓட்ட, வாப்பா பக்கத்தில் உட்கார, வண்டி கிளம்பியது. உம்மா வலது பக்கம், நான் இடது பக்கம். பாலத்தில் ஏறியபோது உம்மா மூக்கைச் சுளித்தார். எனக்கும் நார் கருகுகிற வாடை வந்தது. காற்று பின்னால் அடித்ததால் முன்னே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. உம்மா சட்டென்று என் பக்கம் நகர்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தான் உட்கார்ந்திருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர் போத்தலைத் திறந்து, முழுவதையும் சீட் இடுக்கில் மெதுவாக ஊற்றினார்.

எனக்குத் தாகம். தண்ணி என்று கத்தினேன். உம்மா என் தொடையில் கிள்ளினார். நான் அழுதேன்.

வாப்பா திரும்பினார். சீட் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "என்ன இது?"

"புள்ள நனச்சிட்டா," என்றார் உம்மா. "நீங்க ஓட்டச் சொல்லுங்க."

மாமா சிரித்தார். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு முதல் வரும்படி இதுதானா என்றார். நான் இல்லை, நான் இல்லை என்று அலறினேன். யார் கேட்டார்கள்? ஏழு வயதுப் பிள்ளை இப்படிச் செய்யுமா என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியும்மா வீட்டில் என் பாவாடையை அவிழ்த்து, அங்கிருந்த பையனுடைய கால்சட்டையை மாட்டிவிட்டார்கள். அவன் அன்று முழுதும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

காயவைக்க வேண்டும் என்று மாமா சீட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வண்டிக்கு பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். அதன் மூடி பெட்டிகளில் வரவில்லை, மாமாவும் போடவில்லை. உம்மாவின் பாரத்துக்கு ஸ்பிரிங் இறங்கி பேட்டரி முனையைத் தொட்டு, உள்ளே இருந்த தேங்காய் நார் கைப்பிடி அளவுக்குக் கருகிப் போயிருந்தது. மாமா வாசலில் நின்று, "ராத்தா, சொல்றதுக்கு என்ன? வண்டிய அங்கேயே நிறுத்திக் கழற்றிப் பார்த்திருப்பேன்ல?" என்று கத்தினார்.

"ஆமா, கழற்றியிருப்பே," என்றார் உம்மா.

இப்போதாவது நான் நனைக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் உம்மா சொல்வார் என்று கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியும்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். மூன்று நாள் உம்மாவோடு பேசவில்லை.

மறுநாள் கப்பல் என்பது எனக்கும் தெரிந்ததுதான். போகிற கப்பல் எல்லாம் ஆட்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.